கூரைக் கண்ணாடி ஏன் பொடியாகிறது?

தாம்பரத்திலிருந்து வண்டலூர் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் ஓர் எஸ்.யு.வி. வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்து பின் இருக்கை வரை அகலமான கண்ணாடிக் கூரை. மேலே மரமும் இல்லை, பாலமும் இல்லை. திடீரென்று துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி இருந்த இடத்தில் வானம்! சில வேளைகளில் கண்ணாடி முழுவதும் நொறுங்கி, கல்கண்டைப் பரப்பியது போலச் சட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். "யார் கல்லெறிந்தது?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். ஆனால் யாருமே எறியாமலும் இது நடக்கும்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் கண்ணாடிக் கூரைகள் இவ்வாறு வெடித்ததாக அரசிடம் வந்த புகார்களை 2017-இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற இதழ் தொகுத்தபோது, அவை 850-க்கும் மேல் இருந்தன. கோடையில் மட்டுமல்ல, எல்லா மாதங்களிலும் உடைந்திருந்தன. நம் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டா வண்டிக்கு 2020 முதல் அகன்ற கண்ணாடிக் கூரை வந்துவிட்டது. பிற நிறுவனங்களின் வண்டிகளிலும் அது பரவிவிட்டது. ஆகவே இந்தக் கண்ணாடியின் குணத்தை நாம் அறிந்துகொள்வது நல்லது.

அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பை வைத்துக் கணக்கிட்டால் கண்ணாடி எஃகைப் போல உறுதியாக இருக்க வேண்டும். உண்மையில் அப்படி இல்லையே, ஏன்? 1921-இல் ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்கு விடை கூறினார். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்கள் இருக்கின்றன. கண்ணாடியை வளைத்தாலும் இழுத்தாலும் அந்த விசை கீறலின் நுனியில் வந்து குவிகிறது. புதுத் துணியைக் கையால் கிழிப்பது கடினம். ஓரத்தில் கத்தரியால் சிறிது நறுக்கிவிட்டால் ஜவுளிக்கடைக்காரர் சர்ரென்று கிழித்துத் தருகிறார் அல்லவா? அதே கதைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இழுத்தால்தான் கீறல் வாய் திறக்கும், அமுக்கினால் மூடிக்கொள்ளும்.

அப்படியானால் கண்ணாடியின் மேற்பரப்பை எப்போதும் அமுக்கத்திலேயே வைத்திருந்தால் என்ன?

பத்து நோட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு கைகளாலும் பக்கவாட்டில் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். ஒட்டாத புத்தகங்கள் ஒரே பலகை போல எழும். தாம்பரம்–கடற்கரைத் தடத்தில் மின்ரயில்களைத் தாங்கும் கான்கிரீட் ஸ்லீப்பர்களும் இப்படித்தான். உள்ளே இழுத்து வைத்த எஃகுக் கம்பிகள் கான்கிரீட்டை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கின்றன. கண்ணாடிக்குள் அவ்வாறு கம்பியை இழுத்துக் கட்ட முடியாது. அந்த வேலையை வெப்பமே செய்கிறது. முதலில் கண்ணாடியை வேண்டிய அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஏறத்தாழ 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி வளைக்கிறார்கள். பிறகு இருபுறமும் குளிர்காற்றை வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் உடனே இறுகிவிடுகிறது. நடுப்பகுதி பின்னால் மெல்லக் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. ஏற்கெனவே இறுகிவிட்ட தோல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. முடிவில் தோல் அமுக்கத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக அகப்பட்டுக்கொள்கின்றன. இதுவே உறுதியூட்டிய கண்ணாடி. கடைகளில் 'டஃபன்ட்', 'டெம்பர்ட்' என்பார்கள். தோலின் மேல் உள்ள அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோகிராம் எடை அளவுக்குக் குறையாது. சாதாரணக் கண்ணாடியைவிட இது நாலைந்து மடங்கு வலியது.

ஆனால் இந்தக் காப்புத் தோலின் தடிமன் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு பக்கத்திலும் மொத்தத் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 4 மி.மீ. கண்ணாடியில் அது வெறும் 0.8 மி.மீ. கீறல் அதற்குள் நிற்கும்வரை தொல்லை இல்லை. அதைத் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அங்கே பூட்டிவைத்த இழுவிசை கீறலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் விரிசல் ஓடி, கிளைத்து, மறுபடி கிளைக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கூரையைக் கடக்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வெடியோசை அந்தச் சேமித்த ஆற்றல் ஒரே கணத்தில் விடுபடுவதால் எழுவது.

17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அரசவைகளில் இதை ஒரு வேடிக்கையாகக் காட்டினார்கள். உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விட்டால், தலை பருத்து வால் நீண்ட ஒரு சொட்டு உருவாகும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வால் நுனியைக் கிள்ளினால் முழுவதும் தூளாகிவிடும். இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1994-இல் சந்திரசேகர், சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியால் விரிசல் வாலிலிருந்து தலைக்கு ஓடுவதைப் படமெடுத்து, அந்த வேகத்தை அளந்தார்கள். உங்கள் வீட்டு வண்டியின் கூரை, தட்டையாக்கிய ஒரு ரூபர்ட் சொட்டு என்றே சொல்லலாம்.

பொடியாக நொறுங்குவது ஒரு குறையா? இல்லை. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகள் விழும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஐரோப்பிய விதிப்படி சோதனையில் 5 செ.மீ. சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாவது எண்ண வேண்டும். துண்டுகள் பெரியவையாக இருந்தால் கண்ணாடி தேறாது! ஆகவே இந்தக் கண்ணாடியில் 'சிறு விரிசல்' என்ற பேச்சே கிடையாது. ஒன்று முழுக் கண்ணாடி, இல்லையேல் பொடி. கூரையில் கோடு போல விரிசல் விழுந்து அப்படியே நிற்கிறது என்றால் அது வேறு வகைக் கண்ணாடி. அதற்குப் பிறகு வருவோம்.

அந்த 0.8 மி.மீ. தோலைத் துளைப்பது யார்? முதல் குற்றவாளி ஜல்லி. தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் ரயிலில் மூன்றாவது நிலையம் பல்லாவரம். அங்குள்ள குன்றுகளின் கருநீலக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறையும் இவ்வகைக் கல்லாலானது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இப்பெயரை வைத்தார். அக்குன்றுகளின் குவாரிகள் பல இன்று நீர் தேங்கிய பள்ளங்கள். ஆனாலும் லாரிகளிலிருந்து சாலையில் சிந்தும் ஜல்லியில் இந்த இனக் கல் நிறைய உண்டு. அதிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7, ஃபெல்ஸ்பாரினது 6, கண்ணாடியினது 5.5 அளவில்தான். எனவே முன்னே போகும் லாரியின் சக்கரம் தெறிக்கவிட்ட சிறு ஜல்லிகூடக் கண்ணாடியைக் கீற வல்லது. கீறிய அன்றே உடைய வேண்டும் என்பதும் இல்லை. காற்றின் ஈரம் கீறலின் நுனியை மெல்ல அரிக்கும். வேகத்தடைகளின் குலுக்கலும் சேரும். பல நாள் கழித்து, வண்டி நிழலில் நிற்கும்போது, அது வெடிக்கலாம். அப்போது ஜல்லியை யார் நினைப்பார்கள்?

அடுத்தது விளிம்பு. கண்ணாடியின் மிக மென்மையான இடம் அதுதான். ஓரத்தில் கறுப்புப் பட்டை பார்த்திருப்பீர்கள். அது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட எனாமல் பூச்சு. பசையை வெயிலிலிருந்து காப்பதற்காக இடப்படுவது. அந்தப் பூச்சு உள்ள இடத்தில் கண்ணாடியின் வலு குறைகிறது. பொருத்தும் முறையிலும் தவறு நேரலாம். 2012-இல் ஹூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் 13,000-க்கும் மேற்பட்ட வெலாஸ்டர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது; தொழிற்சாலையில் பொருத்தும்போதே கூரைக் கண்ணாடி பலவீனப்பட்டிருக்கலாம் என்பதே காரணம்.

வெயிலை மட்டும் குறை கூறுவது சரியன்று. விடியற்காலைக்கும் மே மாத நடுப்பகலுக்கும் இடையே கூரையின் வெப்பநிலை 40 டிகிரி கூடுவதாகக் கொள்வோம். 1.2 மீட்டர் கண்ணாடி 0.43 மி.மீ. நீளும், அதைச் சூழ்ந்த எஃகுச் சட்டம் 0.58 மி.மீ. நீளும். வேறுபாடு 0.15 மி.மீ. தான். இடையிலுள்ள மென்மையான பசை அதை ஏற்றுக்கொள்ளும். உறுதியூட்டிய கண்ணாடி 200 டிகிரி அளவுக்கு வெப்ப வேறுபாட்டையும் பொறுக்கும். வெயிலில் நின்ற வண்டிமேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதால் மட்டும் நல்ல கண்ணாடி உடைந்துவிடாது. ஏற்கெனவே காயம்பட்ட கண்ணாடிக்கே அது கடைசி அடியாகும்.

இன்னொரு விசித்திரமான காரணம் உண்டு. அது காரைவிடக் கட்டடங்களில்தான் அதிகம் தொல்லை தந்திருக்கிறது. பல்லாவரத்துக்கு அடுத்த நிலையம் திரிசூலம். எதிரே சென்னை விமான நிலையம். அதன் புதிய முனையங்கள் 2013-இல் திறக்கப்பட்டபின் கண்ணாடிப் பலகைகள் நொறுங்குவதும் கூரைத் தகடுகள் விழுவதுமாக எத்தனையோ முறை நடந்துவிட்டது. 'இது இத்தனையாவது முறை' என்று எண்ணிட்டே பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. தள்ளுவண்டி இடிப்பது, பிடிப்புகள் தளர்வது எனப் பெரிய கண்ணாடிப் பலகைக்குப் பகைவர் பலர். அவர்களுள் ஒருவர் கண்ணாடிக்கு உள்ளேயே பிறப்பவர்: நிக்கல் சல்ஃபைடு. மூலப்பொருளில் தப்பித்தவறி நிக்கல் துகள் கலந்து கந்தகத்தோடு சேர்ந்தால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணி ஒன்று உருவாகும். 379 டிகிரிக்கு மேல் அதற்கு ஒரு படிக வடிவம், கீழே வேறொரு வடிவம். கண்ணாடியைத் திடீரென்று குளிர்விப்பதால் பழைய வடிவத்திலேயே மணி சிக்கிக்கொள்கிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறி, 2 முதல் 4 சதவீதம் பருக்கிறது. இழுவிசை நிறைந்த நடுப்பகுதியில் அது இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும்? மெல்போர்ன் நகரின் ஐ.சி.ஐ. மாளிகையில் பலகைகள் உதிர்ந்தபோது, பாலன்டைன் என்ற ஆய்வாளர் 1961-இல் இதைக் கண்டு சொன்னார். இப்போது கண்ணாடியை விற்பதற்கு முன்பே சூளையில் 290 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, உடைய வேண்டியதை அங்கேயே உடையவிடும் சோதனை உண்டு.

இனி அந்த வேறு வகைக் கண்ணாடி. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. 'லேமினேட்டட்' எனப்படும் அடுக்குக் கண்ணாடி. பிரெஞ்சுக்காரர் எடுவார் பெனடிக்டஸ், உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் படிந்திருந்த ஒரு குடுவை கீழே விழுந்தும் சிதறாததைக் கண்டு இதை உருவாக்கி, 1909-இல் காப்புரிமை பெற்றார். உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார்களின் முன்கண்ணாடி இவ்வகையாகவே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கூரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில வண்டிகளில் அடுக்குக் கண்ணாடியும் பலவற்றில் உறுதியூட்டியதும் இருக்கும். தலைக்கு மேலே இருப்பது அடுக்குக் கண்ணாடியாகவே இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

உங்கள் வண்டியில் எது என்று அறிய, கண்ணாடியின் மூலையில் உள்ள சிற்றெழுத்தைப் படியுங்கள். இன்னொரு வழியும் உண்டு. காலை இளவெயிலில், போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்து கார்களின் பின்கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். சிறுத்தைத் தோல் போலக் கரும்புள்ளிகள் தெரியும். குளிர்காற்றுக் குழல்கள் அன்று விட்டுச்சென்ற தழும்புகளே அவை. முன்கண்ணாடியில் அவை தெரிவதில்லை.

சரி, ஓடும்போதே கூரை உடைந்துவிட்டால் என்ன செய்வது? ஓட்டுபவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புவதும் சட்டென்று பிரேக் போடுவதுமே பெரிய ஆபத்து, ஜி.எஸ்.டி. சாலையில் பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். நேராகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அபாய விளக்கைப் போட்டு இடப்புறம் ஒதுங்க வேண்டும். கூரைக்கு அடியில் துணித் திரை இருந்தால் அதை மூடலாம். கண்ணாடியை நகர்த்தும் பொத்தானைத் தொடவே கூடாது, பொடி தண்டவாளத்தில் சிக்கி மோட்டாரும் கெடும். கண்களைக் கசக்காதீர்கள். ஆடையைக் கையால் தட்டாமல், இறங்கி நின்று உதறுங்கள். காப்பீட்டுக்காகப் பெருக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இந்தச் செலவு கிடைக்காது.

திறந்த கூரையைத் தடித்த பாலித்தீன் தாளால் மூடி, ஒட்டுநாடாவால் சுற்றிலும் ஒட்டலாம். ஆனால் மெதுவாகவே ஓட்ட வேண்டும். ஏன்? கூரைமேல் காற்று விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று தாளை மேலே தள்ளும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அரை சதுர மீட்டர் திறப்பின்மேல் ஏழெட்டு கிலோவைத் தூக்கும் அளவு விசை இருக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால் பங்காகும். கூரை உடையும்போது துண்டுகளில் ஒரு பகுதி வெளியே பறப்பதும் இதனால்தான்.

அடுக்குக் கண்ணாடியில் சிறு விரிசல் என்றால் பழுது பார்க்க வழியுண்டு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை ஒத்த பிசினை விரிசலுக்குள் செலுத்திப் புறஊதா ஒளியால் இறுகச் செய்கிறார்கள். ஒளிக்கு எல்லையே தெரியாததால் விரிசல் ஏறக்குறைய மறைந்துவிடும். உறுதியூட்டிய கண்ணாடிக்கு இந்த வைத்தியம் இல்லை. முழுவதையும் மாற்ற வேண்டும், அதே வகையைத்தான் போட வேண்டும். மாற்றும்போது பட்டறைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள். கூரைச் சட்டத்தின் மூலைகளில் மழைநீர் வடியும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. பொடி அவற்றை அடைத்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஐப்பசி மழையில் புதுக் கண்ணாடியின் கீழே இருக்கை நனையும்.