பணம் போச்சு, பெட்டி பேசலையே!

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், முகூர்த்த நாள் காலையில் யாருக்கும் நிற்க நேரமிருக்காது. மல்லி என்ன விலை என்று கேட்டு முடிப்பதற்குள் விலை ஏறிவிடும். அந்த அவசரத்திலும் பணம் அனுப்பியவர், கடையின் சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்கட்டும் என்று பூப்பையோடு நிற்க வேண்டியிருக்கிறது. “போயிருச்சுண்ணே, பாருங்க.” “எனக்கு வரலையேப்பா.” இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

2016இல் வந்த யுபிஐயில் ஒரு ரூபாய் நகர வேண்டுமென்றாலும் அனுப்புபவரின் செயலி, அவருடைய வங்கி, நடுவே யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, பெறுபவரின் வங்கி என்று பல சர்வர்கள் பேசிக்கொள்ள வேண்டும். சவுண்ட் பாக்ஸுக்கான செய்தியோ தனி வழியில், அதன் சிம்முக்கு வருகிறது. சிக்னல் தொய்ந்தால், பணம் கணக்கில் ஏறிய பிறகும் பெட்டி ஊமைதான். சத்தம் பணத்தைச் சார்ந்தது. பணம் சத்தத்தைச் சார்ந்ததல்ல. எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற இந்தக் கணக்கைத்தான் மென்பொருள்காரர்கள் ‘டிபென்டன்சி’ என்கிறார்கள்.

அவரவர் வேகத்தில் ஓடும் சர்வர்களுக்கிடையே பெரிய தலைவலி, தோல்வி அல்ல, மௌனம். ‘முடியாது’ என்று பதில் வந்தால் பணத்தைத் திருப்பிவிடலாம். பதிலே வராவிட்டால்? பெறும் வங்கி பணத்தை வரவு வைத்துவிட்டு, அதைச் சொல்லும் செய்தி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண். அதே எண்ணோடு எத்தனை முறை கேள்வி வந்தாலும், கணக்கில் ஒருமுறைதான் ஏற வேண்டும்.

எல்லா வங்கியும் தயாராகும்வரை எல்லாவற்றையும் பூட்டி வைப்பது இன்னொரு வழி. கோடிக்கணக்கான பரிமாற்றங்களுக்கு அது சரிப்படாது. நீண்ட வேலையைத் துண்டுகளாக்கி, நடுவில் ஒன்று கெட்டால் முன்னால் செய்தவற்றுக்கு எதிர்க்கணக்கு எழுதலாம் என்று கணினி ஆய்வாளர்கள் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987இலேயே ‘சாகாஸ்’ என்ற கட்டுரையில் எழுதினார்கள். நமக்குத் தெரிந்த ‘ரிவர்சல்’ அந்த வகைதான். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதற்குக் கெடுவும் வைத்தது: தனியாளுக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள், கடைக்கு அனுப்பி உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. என்னைக் கேட்டால், எந்த சர்வர் மேம்பாட்டையும்விட உருப்படியான வேலை இது. காத்திருப்பதற்கு ஒரு விலை வைத்தார்கள்.

காத்திருக்கத் தெரியாததால் வந்த வினையும் உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. ‘அந்தப் பரிமாற்றம் என்னாச்சு?’ என்று சில வங்கிகளின் சர்வர்கள், பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்து, ஓயாமல் கேட்டதே காரணம் என்று தெரியவந்தது. விசாரிப்பே நெரிசலாகி, புதிதாகப் பணம் அனுப்புபவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் கட்டுப்பாடு வந்தது: நிலுவையில் நிற்கும் பரிமாற்றத்தை மூன்று முறைதான் விசாரிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் இடையே 90 வினாடி விட வேண்டும்.

பூக்கடையில் 90 வினாடி நீண்ட நேரம்தான். அதற்காக வாங்குபவர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பையைக் கொடுக்க வேண்டியதில்லை. பெட்டி பேசாவிட்டால் கடைக்காரர் தன் செயலியில் வரவைத் திறந்து பார்க்கலாம்.