ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி?
காட்டு நடைக்கு முன்பதிவு எப்படி இயங்குகிறது?

பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் மச்சான் போன வாரம் போன் செய்தார். "அடுத்த ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ட்ரெக்கிங் விடறாங்களாமே, ஏழு பேருக்கு ஆன்லைன்ல போட்டுடு." போட உட்கார்ந்தேன். திரையில் மீதி இருந்தது மூன்று இடம். "ஏழு பேர் வர்றோம்னு சொல்றோம், பணமும் கட்டறோம், அவ்வளவு பெரிய காட்டில் இன்னும் நாலு பேருக்கு இடமில்லையா?" என்று அவருக்குக் கோபம்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. அம்மா இட்லித் தட்டில் துணி விரித்து மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். "பானை பெருசாத்தான் இருக்கு. ஆனா ஈட்டுக்குப் பன்னெண்டு குழிதானே? பதிமூணாவதை எங்க ஊத்தறது?"

காட்டு நடை முன்பதிவின் முழுக் கணக்கும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. பானை காடு. தட்டு பாதை. குழி உங்கள் இடம். ஒரு நாளில் போகும் குழு ஒரு ஈடு. இதை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

தட்டும் குழியும்

தமிழ்நாடு வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம். வழிகாட்டி இல்லாமல் எந்தப் பாதையிலும் கால் வைக்க முடியாது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கிடைத்தவை இரண்டு: குத்திராயன் சிகரம் ஒன்று, அய்யூர் சாமை ஏரி இன்னொன்று. முதலாவதில் சிகரம் ஏற வேண்டும். இரண்டாவதில் ஏரி வரை நடந்தால் போதும்.

ஒரு பாதைக்கு இத்தனை பேர் என்பதை எப்படி முடிவு செய்வார்கள்? எத்தனை பேர் வர ஆசைப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து அல்ல. கணக்கு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் குரல் எட்ட வேண்டும். ஒரு வழிகாட்டியின் கண் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும்? ஒருவருக்குக் கால் பிசகினால் அவரைத் தூக்கிவர எத்தனை கை மிஞ்சும்? வெளிச்சம் மங்கும் முன் எல்லோரும் கீழே வந்துவிட முடியுமா? இந்தக் கேள்விகளில் மிகச் சிறிய விடை எதுவோ, அதுதான் அன்றைய குழி எண்ணிக்கை. மாவு எவ்வளவு மீதி இருந்தாலும் குழிக்கு மேல் ஊற்றினால் வழிந்து கீழ்த்தட்டு இட்லியையும் கெடுக்கும்.

மாவு ஊற்றும் நேரம்

பாதையும் தேதியும் தேர்ந்தெடுத்து, எத்தனை பேர் என்று சொல்லிப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறீர்கள். பஸ், சினிமா, ட்ரெக்கிங் என்று எந்த முன்பதிவு மென்பொருளானாலும் இந்த இடத்தில் செய்கிற வேலை ஒன்றுதான்: நீங்கள் கேட்ட இடங்களைச் சில நிமிடங்களுக்கு மற்றவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கிறது. அம்மா கரண்டியைக் குழிக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இந்த ரெண்டு மாமாவுக்கு" என்று சொல்கிற மாதிரி. மாமா கை கழுவி வந்து உட்கார்ந்தால் அவருக்கு. வரவில்லை என்றால் ஆறிப்போகும் முன் அடுத்தவர் இலைக்குப் போய்விடும்.

இதனால்தான் "நேத்து பார்த்தப்ப ஃபுல், இன்னைக்கு ரெண்டு இடம் இருக்கு" என்கிற மாயம் நடக்கிறது. யாரோ பாதியில் விட்டுவிட்டார்கள், அல்லது ரத்து செய்துவிட்டார்கள். கரண்டி திரும்பி வந்துவிட்டது. ஒரே இடத்தை இரண்டு பேர் ஒரே நொடியில் தொட்டால், கணினி ஒருவரை முன்னால் விட்டு மற்றவரை வரிசையில் நிறுத்தும். இரண்டு கரண்டி ஒரு குழியில் விழாது.

தடுமாற்றம் வருவது பணம் கட்டும்போதுதான். யுபிஐயில் பணம் கழிந்துவிடும். திரையில் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் வங்கி 'கொடுத்துவிட்டேன்' என்கிறது, அந்தச் சேதி முன்பதிவுக் கணக்குக்கு இன்னும் வந்து சேரவில்லை. பலர் பதறிப்போய் மறுபடியும் பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தாதீர்கள். இட்லி வெந்ததா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்தால் ஆவிதான் போகும். பொறுத்திருந்து, குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

பெயர், வயது, அடையாள அட்டை எண் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். மச்சானுக்கு அதுவும் எரிச்சல். அது வெறும் விண்ணப்பப் படிவம் இல்லை. காலையில் மேலே போன பெயர்களும் மாலையில் கீழே வந்த பெயர்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கிற பட்டியல் அது. யாருடைய இடத்திலோ யாரோ போனால் அந்தப் பட்டியல் உதவாது.

காசு போட்ட பானை

எங்கள் வீட்டில் இட்லிப் பானையின் அடியில் ஒரு பழைய ஐம்பது காசு கிடக்கும். தண்ணீர் கொதிக்கும்போது அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, பானை அடிபிடிக்கப் போகிறது என்று அர்த்தம். அம்மா வேறு வேலை செய்துகொண்டிருப்பார். காது மட்டும் அந்தக் காசின் மேல் இருக்கும்.

வழிகாட்டியின் வேலை அந்தக் காது. இந்தத் திட்டத்துக்கு வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்தது பழங்குடியினருக்கும் காட்டோரக் கிராமத்து இளைஞர்களுக்கும். அவர்கள் வளர்ந்ததே அந்தப் பாதையில்தான். நாம் மரத்தைப் பார்க்கிறோம். அவர்கள் மரத்தில் உரசியிருக்கிற சேறு காய்ந்ததா ஈரமா என்று பார்க்கிறார்கள். குரங்கு கத்தினால் கவனிப்பார்கள். எதுவுமே கத்தாவிட்டால் இன்னும் அதிகமாகக் கவனிப்பார்கள். காட்டில் சத்தம் நிற்பது பானையில் காசு நிற்பது போல.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் மேலே போலாமே" என்று கேட்டு அவர் "வேணாங்க, திரும்பிடலாம்" என்றால், பேரம் பேசாமல் திரும்புங்கள். நீங்கள் கட்டிய கட்டணத்தில் மிக விலையுயர்ந்த பகுதி அந்த ஒரு வார்த்தை.

ஓட்டல் சமையலறையும் வீட்டு அடுப்படியும்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1998இல் 'அனிமல் கிங்டம்' என்ற பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தது. அங்கே தனிக் கட்டணத்தில் 'வைல்டு ஆப்பிரிக்கா ட்ரெக்' என்று ஒரு நடை உண்டு. குழுவுக்கு அதிகபட்சம் 12 பேர். நம் ஈட்டுக் கணக்குதான். எடை பார்த்து, இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை மாட்டி, முதலைகளுக்கு மேலே ஆடும் கயிற்றுப் பாலத்தில் நடத்துகிறார்கள். பாலம் பழசு போலத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு ஆணியும் பொறியாளர் பார்த்து அடித்தது.

அது ஓட்டல் சமையலறை. மெனுவில் போட்ட பதார்த்தம் மேசைக்கு வந்தே ஆக வேண்டும். நீர்யானை குளத்தில் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே ஆனேக்கல் வழியாகப் போனால் வருகிற பன்னர்கட்டா உயிரியல் பூங்காவின் சஃபாரியும் இந்த வகைதான்: கம்பி போட்ட வண்டிக்குள் நாம், வேலியிட்ட பரப்பில் சிங்கமும் புலியும்.

அதே பன்னர்கட்டாவின் தேசியப் பூங்காவிலிருந்து தெற்கே ஜவளகிரி, தளி, அஞ்செட்டி என்று விரியும் காடு வேறு ஜாதி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரந்திருக்கும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர், 2014இல் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு சேர்ந்து ஒரே பரப்பாகிவிட்டன. யானைக்கு ஜூஜுவாடி செக்போஸ்டும் தெரியாது, அத்திப்பள்ளி டோல்கேட்டும் தெரியாது. இது வீட்டு அடுப்படி. இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். "யானை காட்டுவீங்களா?" என்று முன்பதிவு செய்யும்போதே கேட்பவர்கள் ஓட்டலுக்குப் போவது நல்லது.

அடுப்பு அணைந்திருக்கும் மாதங்கள்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை பல பாதைகள் திரையிலேயே திறக்காது. 2025இலும் பிப்ரவரி 15 முதல் நடையை நிறுத்தி ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள். கோடையில் நம் மலைகளில் மூங்கிலும் புல்லும் காய்ந்து சருகாக நிற்கும். காற்றும் சரிவும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி ஓடும். மனிதன் ஓடுவதைவிட வேகமாக.

இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். உயிரிழந்தவர்கள் 23 பேர். யார் யார் மேலே போனார்கள், எந்த வழியில் போனார்கள், அனுமதி எந்தப் பாதைக்கு என்ற கேள்விகள் எல்லாம் தீ அணைந்த பிறகுதான் எழுந்தன. அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைக்குத் தரம், குழுவுக்கு வழிகாட்டி, தீக் காலத்தில் தடை என்று இன்று நாம் சலித்துக்கொள்கிற கட்டுப்பாடுகள் பலவற்றின் பின்னால் குரங்கணி இருக்கிறது.

வாசனைக்கு வரும் விருந்தாளி

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கு. கிருஷ்ணகிரி சமையலறையின் ராஜா இட்லி இல்லை, ராகிக் களி. எல்லைக்கு அந்தப்பக்கம் அதையே முத்தே என்பார்கள். ஆடியில் விதைத்த ராகி கார்த்திகை, மார்கழியில் கதிர் முற்றி நிற்கும். அந்த நேரம் பார்த்து ஆண்டுதோறும் பன்னர்கட்டா பக்கத்திலிருந்தும் கர்நாடகக் காவிரிக் காட்டிலிருந்தும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி நொகனூர், சானமாவு வரை வரும். சானமாவு காட்டில் தங்கி, ஓசூர் கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையை இரவில் கடக்கும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீனி வேண்டும். காட்டில் நாள் முழுக்க மேய்ந்து சேர்க்க வேண்டியதை, விளைந்த ராகிக் கொல்லை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த மாதங்களில் கொல்லைக்காரர்கள் பரணில் ராத்தூக்கம் கெட்டுக் காவல் இருப்பார்கள். பக்கத்தில் தகர டின், பட்டாசு, டார்ச் லைட். விரட்டப்பட்ட கூட்டம் விடியும்போது எந்தப் பாதையில் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. நீங்கள் பணம் கட்டி வாங்கிய அதே ஒற்றையடிப் பாதையில் நிற்கலாம். அப்போது நடை நின்றால் ஏமாற்றம் நமக்கு மட்டும் இல்லை. இரவெல்லாம் கண்விழித்த விவசாயிக்கும் விரட்டப்பட்ட யானைக்கும் சேர்த்துத்தான். நம் ஈடு ஒரு வாரம் தள்ளிப் போகிறது. விவசாயிக்குப் போவது ஒரு வருஷத்துச் சாப்பாடு.

இலை போடும் முன்

பாதையின் தரத்தைப் படித்துவிட்டு உங்கள் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். குழந்தைகளை எந்தப் பாதையில் விடுவார்கள் என்பதையும் ரத்து விதியையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பளிச்சென்ற சட்டையும் சென்ட்டும் வேண்டாம். பச்சை, காக்கி, பழுப்பு போதும். பிளாஸ்டிக் கூடாது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே மலைக்கு வராதீர்கள். பாதி வழியில் தள்ளாடினால் உங்களுக்காக மொத்தக் குழுவும் திரும்ப வேண்டியிருக்கும்.

எங்கள் மூன்று இடத்தில் அக்காவும் மச்சானும் அவர்கள் மகனும் போய்வந்தார்கள். யானையைப் பார்க்கவில்லை. பாதையோரம் கிடந்த லத்தியை வழிகாட்டி குச்சியால் பிரித்துக் காட்டினாராம். உள்ளே செரிக்காத ராகித் தாள். மச்சான் அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மிச்சம் நாலு பேர் நாங்கள் இன்னும் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இடமில்லை என்று திரை சொன்னால் தெரிந்தவரைப் பிடித்து, ஆடு மேய்க்கிற தடத்தில் நுழைந்து காட்டுக்குள் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். போகாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது சட்டப்படி குற்றம். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால், மாலையில் நீங்கள் இறங்கி வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.