திசை குறிக்கும் பின்னொட்டு

திசை குறிக்கும் பின்னொட்டு என்பது ஒரு பெயர்ச்சொல்லின் இறுதியில் சேர்ந்து, "அத்திசையை நோக்கி" என்னும் பொருளைத் தரும் சொல்லுறுப்பு ஆகும். ஆங்கிலத்தில் இப்பணியைச் செய்வது "வார்டு" என்னும் ஒட்டு. தமிழில் இதே பொருள் ஏகாரம், "ஆக" என்னும் ஈறு, "நோக்கி" என்னும் வினையெச்சம் ஆகியவற்றால் உணர்த்தப்படுகிறது. இக்கட்டுரை இவ்விரு முறைகளையும் மதுரை வட்டார எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

ஆங்கிலத்தில்

ஈஸ்ட்வார்டு (கிழக்கு நோக்கி), அப்வார்டு (மேல்நோக்கி), ஹோம்வார்டு (வீடு நோக்கி) முதலியன இவ்வொட்டால் அமைந்த சொற்கள். பழைய ஆங்கிலத்தில் இருந்த இவ்வொட்டு, "திரும்புதல்" என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நகராட்சி, மருத்துவமனை ஆகியவற்றின் பிரிவைக் குறிக்கும் "வார்டு" என்னும் சொல் எழுத்தில் இதனை ஒத்திருப்பினும், "காவல்" என்னும் பொருளுடைய வேறு வேரினின்று வந்ததாகும்.

தமிழில்

கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு ஆகிய நான்கும் "கு" என முடிகின்றன. "மதுரைக்குச் சென்றான்" என்பதில் சென்று சேரும் இடத்தைக் காட்டும் நான்காம் வேற்றுமை உருபும் இதே வடிவினது என்பது கருதத்தக்கது. "வடக்கே" என்பது "வடக்கில் உள்ளது", "வடக்கு நோக்கிச் செல்கிறது" என்னும் இரண்டிற்கும் பொருந்தும். ஆகவே ஐயம் நேரக்கூடிய இடங்களில் "வடக்கு நோக்கி", "வடக்கு முகமாக" என எழுதுவது தெளிவு தரும். தமிழ் இலக்கணத்தில் "திசைச்சொல்" என்பது பிற நிலப்பகுதிகளிலிருந்து வந்து வழங்கும் சொல்லைக் குறிக்கும். அதனை இங்குக் கூறப்படும் திசைப்பெயருடன் மயங்கலாகாது.

கிழக்கும் மேற்கும்

"கிழக்கு" என்பது கீழ் என்பதிலிருந்தும், "மேற்கு" என்பது மேல் என்பதிலிருந்தும் பிறந்தவை. தமிழகத்தின் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடல் வரை கிழக்கு நோக்கிச் சரிகிறது. வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் வைகை, மதுரையைக் கடந்து தென்கிழக்கு நோக்கி ஓடுவது இச்சரிவினாலேயே ஆகும். மலை கிழக்கில் அமைந்துள்ள கேரளத்திலும் அத்திசை "கிழக்கு" என்றே வழங்குகிறது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலை எழுதிய கால்டுவெல், இச்சொற்கள் மலைத்தொடருக்குக் கிழக்கே தோன்றியிருக்க வேண்டும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டார். மேற்கிற்கு மலையாளத்தில் ஞாயிறு மறையும் திசை என்னும் பொருளில் "படிஞ்ஞாறு" என்னும் சொல் வழங்குகிறது.

மதுரை இடப்பெயர்களில்

திசைப்பெயர் பிற சொல்லின் முன் வரும்போது குறுகும். வடக்கு "வட" எனவும், தெற்கு "தென்" எனவும் திரியும். பவணந்தி முனிவரின் நன்னூல் இதற்கு விதி கூறுகிறது. வடபழஞ்சி, தென்பழஞ்சி ஆகிய ஊர்ப்பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. சோழவந்தானுக்கு எதிரே, வைகையின் தென்புறம் உள்ள ஊர் தென்கரை ஆகும். கீழக்குயில்குடி, மேலக்குயில்குடி என்பவற்றில் "கீழ", "மேல" என்பன முறையே கிழக்கு, மேற்கு எனப் பொருள்படும். தாழ்வு, உயர்வு எனப் பொருள்படா. மேலமாசி வீதியை ஆங்கிலத்தில் "உயர்ந்த மாசி வீதி" எனப் பெயர்ப்பது பிழை. "மேற்கு மாசி வீதி" என்பதே சரி. அண்மைக்கால ஆட்சிப் பெயர்களிலோ திசை இறுதியில் முழுமையாக வருகிறது. மதுரை கிழக்கு, மதுரை மேற்கு என்னும் சட்டமன்றத் தொகுதிகள் இதற்கு எடுத்துக்காட்டு.

இருப்பிடமும் செல்திசையும்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் ஒவ்வொன்றும் நான்கு திசைப் பெயர்களைப் பெற்றுள்ளன. இப்பெயர்கள் கோயிலுக்கு எத்திசையில் வீதி உள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, வீதி செல்லும் திசையைக் காட்டா. சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளை வலமாகச் சுற்றி வருகிறது. அது கீழமாசி வீதியில் தெற்கு நோக்கியும், தெற்கு மாசி வீதியில் மேற்கு நோக்கியும், மேலமாசி வீதியில் வடக்கு நோக்கியும், வடக்கு மாசி வீதியில் கிழக்கு நோக்கியும் செல்லும். "கீழ" என்பது இருப்பிடம்; "தெற்கு நோக்கி" என்பது செல்திசை. ஆங்கில ஒட்டு பெரும்பாலும் பின்னதையே குறிக்கும்.

காற்றின் பெயர்கள்

காற்று அது புறப்படும் திசையால் பெயர் பெறுகிறது. வாடை வடக்கிலிருந்தும், தென்றல் தெற்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கோடை மேற்கிலிருந்தும் வீசுவன. மதுரைக்கு மிகுதியான மழையைத் தரும் வடகிழக்குப் பருவக்காற்று தென்மேற்கு நோக்கி வீசுகிறது. புயலுக்கோ அது செல்லும் திசையே கூறப்படுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் மேற்கு நோக்கி நகர்ந்தது. வானிலை அறிவிப்பை மொழிபெயர்ப்போர் "மேற்கிலிருந்து", "மேற்கு நோக்கி" என்னும் இரண்டையும் மாற்றி எழுதினால், புயல் வரும் வழியில் உள்ள ஊர்கள் எச்சரிக்கையைத் தவறாகப் புரிந்துகொள்ள நேரும். எனவே வெறுமனே "மேற்குக் காற்று", "மேற்குப் புயல்" என விடாது, புறப்படும் திசையையும் செல்லும் திசையையும் பிரித்துக் கூறுவது இன்றியமையாததாகும்.