வாயின் இலைக்கன்போலிப் புண்கள்: குருதிக் குறிகாட்டிகளும் மேற்பூச்சுச் சிகிச்சையும்

கன்னத்தின் உட்புறத்தில் வலைப்பின்னல் போன்ற வெண்கோடுகள், அவற்றிடையே சிவந்து தேய்ந்த மென்சவ்வு, காரமும் புளியும் பட்டவிடத்து எரிவு ஆகியன இலைக்கன் பிளானசு என்னும் நோயின் இயல்புகளாம். 1869 இல் ஆங்கிலேய மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் இந்நோயைப் பெயரிட்டு விவரித்தார். தோற்றத்தில் இதனை ஒத்திருந்தும், குறித்தவொரு காரணியால் விளையும் புண்கள் இலைக்கன்போலிப் புண்கள் எனப்படும். பல்லை அடைத்த இரசக்கலவையின் தொடுகை, குருதியமுக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் உட்கொள்ளப்படும் சில மருந்துகள், பிறர் என்புமச்சையை ஏற்றமை என்பன அக்காரணிகளுட் சில. வெற்றிலைக் கூட்டை அடக்கிவைக்கும் இடத்திலும் இத்தகைய கோடுகள் தோன்றுவதுண்டு. வெற்றிலை மெல்லும் வழக்கமுள்ள நம் நாட்டில் இது கருதத்தக்கது.

இரு நிலைகளிலும் ரீ வகை நிணநீர்க்குழியங்கள் மேலணியின் அடிப்படைக் கலங்களைத் தாக்கி அழிக்கின்றன. இவ்வழற்சியின் சாயலைக் குருதியிற் காணவியலுமா என ஆய்வாளர் வினவியுள்ளனர். இன்ரர்லியூக்கின்-6, சி-எதிர்வினைப் புரதம், நடுநிலைநாடிக் குழியங்களுக்கும் நிணநீர்க்குழியங்களுக்கும் இடையிலான விகிதம் முதலியன இவ்வாறு ஆராயப்பட்டவை. ஆயின் பல்முரசின் அழற்சியும் சாதாரண தொற்றுங்கூட இவற்றை உயர்த்தவல்லன. ஆதலின் இவை நோயின் பெயரைக் கூறா. குருதிப் பரிசோதனையின் பயன் வேறிடத்தில் உள்ளது: இரும்பு, போலிக்கமிலம், விற்றமின் பி12 ஆகியவற்றின் குறைபாட்டை அது வெளிப்படுத்தும்; யப்பானிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இந்நோயுடன் தொடர்புற்றதாகக் கண்ட ஈரலழற்சி சி வைரசையும் காட்டும். நோயைத் துணிவதற்கு இழையத்துண்டை நுணுக்குக்காட்டியில் ஆராய்தலே வழி.

சிகிச்சையில் முதற்கண் காரணியை அகற்றல் வேண்டும். எனினும் மருந்தை நோயாளி தாமாக நிறுத்துதல் தகாது. வைத்தியரே மாற்றுதல் வேண்டும். எரிவுக்கு மேற்பூச்சு ஸ்ரெரொயிட்டுகள் முதன்மையானவை. 0.1 சதவீத திரையம்சினோலோன் பசை, 0.05 சதவீத குளோபெற்றசோல் ஆகியன பூசப்படும். புண் பரந்திருப்பின், 0.5 மில்லிகிராம் பெற்றாமெதசோன் குளிசையை நீரிற் கரைத்துக் கொப்பளித்து உமிழ்தலுமுண்டு. உணவின்பின் இவற்றைப் பயன்படுத்தி, அரைமணி நேரமேனும் உண்ணாதிருத்தல் நன்று. இவை கலத்துட் புகுந்து அழற்சிப் பொருள்களின் உற்பத்தியைத் தணிக்கின்றன. அப்பகுதியின் எதிர்ப்பாற்றலும் குன்றுவதால் கன்டிடா பங்கசு பெருகலாம், அதற்கும் மருந்துண்டு.

இங்கு நாம் வற்புறுத்த விழைவது ஒன்றே. எரிவு தணிதல் வேறு. நோய் நீங்குதல் வேறு. இலைக்கன் பிளானசு உடையோருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரில் காலப்போக்கில் வாய்ப்புற்றுநோய் தோன்றுவதாக அறியப்பட்டுள்ளது. இலைக்கன்போலிப் புண்களும் புற்றாக மாறக்கூடிய நிலைகளுள் அடங்கும். இம்மாற்றத்தை முன்னுரைக்கும் நம்பத்தக்க குருதிக் குறிகாட்டி எதுவும் இன்னும் வழக்குக்கு வரவில்லை. எனவே, வலியற்ற நாளிலும் குறித்த தவணையில் வாயைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுதலும், புகையிலையையும் பாக்கையும் கைவிடுதலுமே உறுதியான காப்பாகும்.