வேலைன்னா சித்திரவதையா? ‘த்ரவாய்’ சொல்லும் கதை

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா போதும், என் ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒரு மீம் தவறாம வந்துடும். “பிரெஞ்சுல வேலைக்கு ‘த்ரவாய்’னு பேரு. அது ஒரு சித்திரவதைக் கருவியோட பேர்ல இருந்து வந்தது. திங்கட்கிழமை ஏன் வலிக்குதுன்னு இப்ப புரியுதா?” நானும் சிரிச்சுட்டே ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். இந்த எபிசோடுக்காக உட்கார்ந்து படிச்சப்பதான், அந்த மீம் பாதி சரி, பாதி அவசரம்னு தெரிஞ்சுது.

முதல்ல சரியான பாதி. பிற்கால லத்தீனில் ‘திரிபாலியும்’ என்று ஒரு சொல் உண்டு. ‘திரி’ என்றால் மூன்று, ‘பாலுஸ்’ என்றால் நட்டு வைத்த கழி. மூன்று கழிகளால் ஆன ஒரு சட்டம். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சில் இருக்கும் ஓசேர் நகரில் கிறிஸ்தவ குருமார் கூடி சில விதிகள் போட்டார்கள். குற்றவாளிகளை வதைக்கும் திரிபாலியும் பக்கத்தில் குருமார் நிற்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பிரெஞ்சின் ‘த்ரவாய்’, ஸ்பானிஷின் ‘த்ரபாஹோ’, போர்த்துகீஸின் ‘த்ரபாலியு’ மூன்றும் இதிலிருந்து வந்தவை என்பதுதான் பெரும்பாலான அகராதிகள் தரும் விளக்கம். மறுக்கிற அறிஞர்களும் இருக்காங்க. மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்கும்போது நிறுத்தி வைக்கிற மரச்சட்டத்துக்கும் பிரெஞ்சில் ‘த்ரவாய்’னுதான் பேரு.

இப்போ அவசரமான பாதி. வதைக்கும் கருவியின் பேரை யாரும் நேரா வேலைக்கு வைக்கலை. 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சில் ‘த்ரவாய்’ என்றால் வேதனை, துன்பம். வேலை செய்வதற்கு ‘ஊவ்ரே’, ‘லபூரே’ என்று வேற சொற்கள் இருந்தன. ‘லபூரே’ நாளடைவில் நிலத்தை உழுவது என்று சுருங்கிப்போச்சு. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்துக்கு ‘த்ரவாய்’ வந்து உட்கார்ந்துச்சு. வதை, வேதனை, கஷ்டப்பட்டு முயல்வது, அப்புறம் உழைப்பு. பல நூறு வருஷத்துல படிப்படியா நகர்ந்த அர்த்தம் இது.

இந்த நகர்வு நமக்குப் புதுசு இல்ல. “பாடுபட்டு படிக்க வெச்சாங்க”ன்னு சொல்றோம். அதே ‘பாடு’தான் ‘இயேசுவின் பாடுகள்’ என்கிறபோது வேதனை ஆகுது.

பழைய அர்த்தம் முழுசா போயிடலை. அது பிரசவ அறையில இருக்கு. பிரான்சில் பிரசவ வலி வந்தவங்க இருக்கும் அறை ‘சால் த த்ரவாய்’. ஸ்பானிஷில் பிரசவ வலிக்கு ‘த்ரபாஹோ தெ பார்த்தோ’. இத்தாலியில் வேலைக்கு ‘லவோரோ’. ‘த்ரவாலியோ’ என்றால் பிரசவ வலி, மனவேதனை. ‘லவோரோ’வின் தாயான ‘லபோர்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் பாடு, துன்பம் என்ற அர்த்தங்கள் உண்டு. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ‘லேபர் வார்டு’ன்னு சொல்றோமே, அந்த லேபர் இதுதான்! ‘டிராவல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘த்ரவாய்’ வழியா வந்ததுதான். அந்தக் காலத்துப் பயணம் அவ்வளவு பாடு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ருமேனியன். அங்கே வேலைக்கு ‘முங்க்க’ன்னு ஒரு சொல். அது லத்தீனே இல்ல. வேதனை என்று பொருள்படும் ஸ்லாவிக் சொல்லில் இருந்து வந்தது. வேற பாதையில போயும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு. உடம்பு நோக உழைச்சவங்க பேச்சுல ரெண்டுக்கும் நடுவுல பெரிய தூரம் இருந்திருக்காது.

அதனால அந்த மீமுக்கு என் பதில் இதுதான். ஒரு சொல் எங்கிருந்து வந்ததுன்னு சொல்லலாம். வேலைன்னாலே வலிதான்னு அது தீர்ப்பு சொல்லாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்க வயித்தைப் பிசையுதுன்னா, காரணத்தை லத்தீன்ல தேடாதீங்க. வேலை நேரத்துல தேடுங்க, சம்பளத்துல தேடுங்க. அதையெல்லாம் மாத்த முடியும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.