ராமர் பொறித்த கம்பெனிக் காசு

சில ஆண்டுகளுக்கு முன், மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினி மாவட்டத்தில் நான் பணியாற்றிய கிளைக்கு முதியவர் ஒருவர் வந்தார். கோதுமை பயிரிடும் விவசாயி, நெடுநாள் வாடிக்கையாளர். தம் நிலை வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணம் தருமாறு கேட்டார். வீட்டில் மருத்துவச் செலவோ என்று எண்ணிக் காரணம் வினவியபோது, சட்டைப் பையிலிருந்து புகையிலை டப்பா ஒன்றை எடுத்து மேசைமீது கவிழ்த்தார். பளபளக்கும் பெரிய வட்டத் தகடு ஒன்று, சுண்டுவிரல் நகத்தளவு கறுத்த சதுரத் துண்டு ஒன்று, துருப்பிடித்த ஆணிகள் சில.

வயலில் புதையுண்டு போன பழைய பாசனக் குழாயைத் தேட அவருடைய மகன் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். குழாய் அகப்படவில்லை, இவை அகப்பட்டன. வட்டத் தகட்டின் படத்தை மகன் இணையத்தில் வெளியிட்ட மறுநாளே தொலைபேசி அழைப்பு வந்தது. அது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து அபூர்வ நாணயம் என்றும், நாற்பது இலட்சம் ரூபாய்க்கு வாங்க ஆள் இருப்பதாகவும், ஆனால் அதற்கு ரிசர்வ் வங்கியின் சான்றிதழும் வரியும் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும் என்றும் எதிர்முனைக் குரல் கூறியது. "சாகிப், அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ரிசர்வ் வங்கியின் முத்திரையே இருக்கிறது" என்று கைப்பேசியைக் காட்டினார் முதியவர்.

வைப்பை முடிக்கும் படிவத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தகட்டைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கத்தில் ராமர், சீதை, இலக்குவன், காலடியில் அனுமன் என முழுத் தர்பார். மறு பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி', 'ஒன் அன்னா', 1818 என்னும் ஆண்டு.

இத்தகைய தகடுகளை அடையாளம் காண அரிய நூலறிவு எதுவும் தேவையில்லை. ஒரு நாணயம் நாணயமாக இருப்பதற்கு மூன்று செய்திகள் பொருந்தி வர வேண்டும்: அதை வெளியிட்ட அதிகாரம், அதன் மதிப்பு, அந்த மதிப்புக்குரிய எடை. இம்மூன்றும் ஒன்றையொன்று ஆதரிக்க வேண்டும். முதியவரின் தகட்டில் இவை ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கொண்டிருந்தன.

அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். கம்பெனி தன் நாணயங்களில் எதைப் பொறித்தது என்பதற்கு ஐயத்திற்கிடமில்லாத சான்றுகள் உள்ளன. முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் 1717-இல் வழங்கிய ஆணையின் வழியாகப் பம்பாயில் ரூபாய் அடிக்கும் உரிமையைக் கம்பெனி பெற்றபோது, அக்காசுகளில் இருந்தது பாரசீக எழுத்தில் முகலாய மன்னரின் பெயர். சென்னை மாகாணத்திற்காக 1803-லும் 1808-லும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சிடப்பட்ட பத்துக் காசு, இருபதுக் காசு செப்பு நாணயங்களில் இருந்தது கம்பெனியின் மரபுச் சின்னம். 1835-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்திற்குப் பிறகு இந்தியா முழுமைக்குமான வெள்ளி ரூபாயில் நான்காம் வில்லியமின் தலையும், அவருக்குப் பின் விக்டோரியாவின் தலையும் இடம்பெற்றன. ராமர் தர்பாரை இந்த வரிசையில் எங்கும் பொருத்த இயலாது.

அடுத்தது மதிப்பு. பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய் என்பது 1957 ஏப்ரல் 1-இல் பதின்ம முறை வரும்வரை நம் வீடுகளில் புழங்கிய கணக்கு. கம்பெனியின் 1835 வரிசைச் செப்புக் காசுகளில் அரையணா உண்டு, காலணா உண்டு, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான தம்பிடியும் உண்டு. ஓரணா இல்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு அலை அலையான விளிம்புடன் ஓரணா நாணயத்தை வெளியிட்டது 1907-இல்தான். கம்பெனியின் ஆட்சி முடிந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 'ஓரணா, கம்பெனி, 1818' என்ற மூன்று சொற்கள் ஒரே தகட்டில் சேர்ந்து நிற்பதே அதற்கு எதிரான சாட்சியம்.

எடையை அறிய நகைக்கடன் பிரிவின் தராசைப் பயன்படுத்தினோம். கம்பெனியின் அரையணா 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம். வெள்ளி ரூபாய் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். முதியவரின் 'ஓரணா' இவற்றுள் எதனுடனும் ஒத்துப் போகவில்லை. எங்கள் நகை மதிப்பீட்டாளர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, "பித்தளை, வார்த்தது, அடித்தது அன்று" என்று இரண்டே சொற்றொடரில் முடித்தார். அச்சில் அழுத்தி அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். அச்சுக்குழியில் உருக்கி வார்த்த தகட்டில் எழுத்துகள் மழுங்கி, பரப்பில் ஊசித் துளைகள் காணப்படும்.

அப்படியாயின் இது என்ன? இதற்கு 'ராமடங்கா' என்று பெயர். திருத்தலங்களுக்குச் செல்வோர் வாங்கி வந்து பூஜையறையில் வைக்கும் பக்திச் சின்னம். பொன்னிலும் வெள்ளியிலும் அழகுறச் செய்யப்பட்ட பழைய ராமடங்காக்களும் உண்டு. அவற்றுக்குக் கலைமதிப்பும் உண்டு. பிற்காலத்தில் பித்தளையிலும் செம்பிலும் பெருமளவில் செய்தவர்கள், பழமைத் தோற்றம் தரும் பொருட்டுக் கம்பெனியின் பெயரையும் 1616, 1717, 1818 என நாவில் எளிதில் தங்கும் ஆண்டுகளையும் சேர்த்துக் கொண்டனர். வழிபாட்டுப் பொருள் என்ற அளவில் இதில் குற்றமேதும் இல்லை. அது நாணயம் என்று விற்கப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 'இரிடியம் மோசடி' புதிய சொல் அன்று. கோயில் கலசம் அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி முன்பணம் பறிக்கும் அதே கதை, வட இந்தியாவில் இத்தகைய ராமர் தகடுகளை வைத்தும் சொல்லப்படுகிறது. இரிடியத்துக்கு அரிசியை இழுக்கும் ஆற்றல் கிடையாது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசிவிட்டுக் காந்தத்தை மறைத்து வைத்தால் எந்தத் தகடும் அரிசியை இழுப்பதாகத் தோன்றும்.

முதியவருக்கு வந்த கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதாகக் கூறித் தன் பெயரையும் சின்னத்தையும் சிலர் பயன்படுத்திக் கட்டணம், தரகு, வரி கேட்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய வணிகத்தில் அது ஈடுபடுவதில்லை; அதற்காகக் கட்டணம் கேட்பதுமில்லை; எவருக்கும் அந்த அதிகாரத்தை வழங்கவுமில்லை. உங்கள் பொருளை வாங்க வருபவர் உங்களிடமே பணம் கேட்கிறார் என்றால், பொருளின் பழமையை ஆராய வேண்டிய தேவையே எழவில்லை. பணம் கைமாறிவிட்டிருந்தால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். எத்தனை விரைவாக அழைக்கிறோமோ, பணத்தை இடையிலேயே நிறுத்தும் வாய்ப்பும் அத்தனை மிகுதி.

வைப்பு முடிக்கப்படவில்லை. முதியவர் பெருமூச்சுடன் டப்பாவில் எல்லாவற்றையும் திரும்பப் போடத் தொடங்கினார். அப்போதுதான் அந்தச் சதுரத் துண்டை நான் சரியாகப் பார்த்தேன். வட்டத் தகட்டை அவருடைய மனைவி புளியிட்டுத் துலக்கியிருந்தார். இதைக் குப்பையென்று விட்டுவிட்டார். நல்ல வேளை. பழஞ்செம்பின் மேல் படிந்திருக்கும் பச்சையும் கருமையும் அதற்கு ஒரு போர்வை. புளியோ எலுமிச்சையோ சாம்பலோ பட்டால் போர்வையுடன் பொறிப்பும் போய்விடும். மண்ணிலிருந்து கிடைத்த காசைத் துலக்காமல், உலர்ந்த தாளில் மடித்து வைப்பதே முறை.

சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது ஒரு சிலுவைக் குறியும் அதன் நான்கு முனைகளிலும் நான்கு வட்டங்களும் தெரிந்தன. நாணயவியலார் இதற்கு 'உஜ்ஜயினிச் சின்னம்' என்றே பெயரிட்டுள்ளனர். தமிழ் நூல்கள் உஞ்சை என வழங்கும் அந்நகரில் கி.மு. இரண்டு, முதலாம் நூற்றாண்டுகளில் வெளியான செப்புக் காசுகளில் இது தவறாமல் காணப்படுவது. சாதவாகனர் நாணயங்களிலும் இடம்பெற்றது. அதில் ஆண்டு இல்லை, மன்னனின் தலை இல்லை. ஆனால் சின்னமும் செம்பும் கிடைத்த இடமும் ஒன்றையொன்று ஆதரித்தன. நான் நாணயவியலாளன் அல்லன் என்பதால் அருங்காட்சியகத்தில் காட்டுமாறு கூறினேன். அங்கும் அதையே உறுதிப்படுத்தினர். சந்தையில் இவ்வகைக் காசு பெருந்தொகை எதையும் பெற்றுத் தராது என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்பினர்.

இவ்விடத்தில் சட்டம் குறுக்கிடுகிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புடைய எப்பொருளும் அதன்படி புதையலே. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் (இவ்வரம்பு 1878-இல் எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொள்க) கண்டெடுத்தவர் பொருளின் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ நேரலாம். உரியவர் இல்லையென ஆட்சியர் முடிவு செய்தால், தனி உடன்பாடு இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் சேரும். அரசே எடுத்துக் கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தரும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியுடன் தேடுவதும் தோண்டுவதும் இதனினும் பெரிய குற்றம். அங்கே கிடைத்தது எதுவாயினும் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இச்சட்டத்தை நான் விளக்கியபோது முதியவர் முதன்முறையாகச் சிரித்தார். வயல் அவருடையது, கருவியைப் பிடித்தவர் மகன். ஆகவே மகனுக்கு முக்கால், தந்தைக்குக் கால். "வீட்டிலும் இப்போது அதே கணக்குதான் சாகிப்" என்றார்.

மனுவை எங்கள் கிளையின் மேசையிலேயே அமர்ந்து இந்தியில் எழுதினார்கள். சதுரக் காசும் மனுவும் மறுநாள் ஆட்சியர் அலுவலகம் சென்றன. பித்தளைத் தகடு, கடைசியாக நான் அவர் வீட்டுக்குச் சென்றபோது, பூஜை மாடத்தில் குங்குமப் பொட்டுடன் இருந்தது.