குழந்தையின் கோப்பு யார் கையில்?

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை ஒன்று நம் வீட்டில் இருந்தால், அதைப் பற்றிய விவரங்கள் எத்தனை ஊர்களில், எத்தனை அலமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்ததுண்டா? நான் எடுத்தேன். ரயில்வேயில் 35 ஆண்டுகள் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு அது ஒரு பழக்கதோஷம்.

என் பெயர்த்திக்கு வயது 9. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். பிறந்தது நாக்பூரில், இருதய அறுவை சிகிச்சை நடந்தது சென்னையில், மகனுக்கு மாற்றலானதால் இப்போது வளர்வது மும்பை முலுந்தில். குழந்தை டாக்டர், இருதய டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், கண் டாக்டர், தைராய்டுக்கு ஒருவர், பேச்சுப் பயிற்சி தருபவர், உடற்பயிற்சி சொல்லித் தருபவர், சிறப்பு ஆசிரியை, பள்ளி வகுப்பாசிரியை என ஒன்பது பேர் அவளைக் கவனிக்கிறார்கள். ஒன்பது பேரும் நல்லவர்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்ததும் இல்லை. அவர்களுக்கு இடையே இருந்த ஒரே தொடர்பு என் மருமகளின் ஞாபகசக்திதான்.

இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்கலாம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியிலிருந்து, குழந்தை சொன்னபடி கேட்பதில்லை, பிடிவாதம் அதிகமாகிவிட்டது என்று டயரியில் எழுதி அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சியில் இரண்டு மாதமாக முன்னேற்றமே இல்லை என்றார்கள். வீட்டிலோ டி.வி. சத்தத்தை அவள் கூட்டிக்கொண்டே போனாள். மூன்றும் மூன்று தனித்தனிப் புகார்கள். பிடிவாதத்துக்கு மனநல ஆலோசனை கேட்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. மருமகள் மூன்றையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிக் குழந்தை டாக்டரிடம் நீட்டினாள். அவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "முதலில் காதைப் பரிசோதியுங்கள்" என்றார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. குழந்தைக்குப் பிடிவாதம் இல்லை, காது சரியாகக் கேட்கவில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இது மிகச் சாதாரணம். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருக்கும். தைராய்டு சுரப்பி மந்தமாவது பலருக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். காதும் அப்படியே. தைராய்டு மந்தமானாலும் குழந்தை சோர்ந்திருக்கும், கவனம் சிதறும். காது மந்தமானாலும் அப்படித்தான் தெரியும். இரண்டையும் பள்ளி தன் பார்வையில் "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்றே எழுதும். ஆகவே பள்ளி டயரியும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் ஒரே மேசையில் விரிக்கப்பட்டால்தான் காரணம் பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு. காதில் தேங்கிய நீரை எடுக்க மயக்க மருந்து கொடுத்துச் சிறு அறுவை செய்ய நேர்ந்தால், மயக்க மருந்து டாக்டருக்கு இரண்டு விவரங்கள் கட்டாயம் தெரிய வேண்டும். ஒன்று, இருதயத்தில் முன்பு என்ன செய்தார்கள் என்பது. மற்றொன்று, கழுத்து. இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கும். மயக்கத்தில் தலையைத் திருப்பும்போது எச்சரிக்கை தேவை. சென்னையில் உள்ள காகிதம் மும்பை டாக்டரின் கையில் அன்றைக்கு இருக்க வேண்டும். மறுவாரம் தபாலில் வந்து பயனில்லை.

மருந்துகளும் அப்படித்தான். ஒருவர் தைராய்டுக்கு மாத்திரை தருவார், இன்னொருவர் சோகைக்கு இரும்புச்சத்து டானிக் எழுதுவார். இரண்டும் சரியான மருந்தே. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பார்த்தவருக்குத்தான் இது கண்ணில் படும்.

நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி இங்கே இந்தியில் நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கணக்கெடுக்கிறார்கள். இந்திச் சொற்களை மட்டும் எண்ணினால் என் பெயர்த்தியின் கணக்கு மிகவும் ஏழ்மையாக இருக்கும். "தண்ணி", "போதும்", "தாத்தா வா", "அங்க வலிக்குது" என்றெல்லாம் அவள் வீட்டில் சொல்வது அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. இரு மொழி பேசும் குழந்தைக்கு இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுவதுதான் சரியான முறை. நாங்கள் வீட்டுச் சொற்களை இந்திப் பொருளோடு எழுதிக் கொடுத்தோம். பயிற்சித் திட்டமே மாறியது. "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், குழந்தை குழம்பும்" என்று யாராவது சொன்னால் உடனே கேட்டுவிடாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை ஆராய்ந்து பார்த்தவர்கள், இரண்டாவது மொழியால் முதல் மொழி கெடுவதாகக் காணவில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டு அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரி, விவரங்களை எப்படிச் சேர்ப்பது? இப்போது அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அதில் 14 இலக்க "ஆபா" எண் இலவசமாகக் கிடைக்கிறது. பலர் நினைப்பதுபோல் எல்லா ரிப்போர்ட்டும் டில்லியில் ஒரு பெரிய பெட்டியில் போய் விழுவதில்லை. எந்த ஆஸ்பத்திரி எழுதியதோ அங்கேயே இருக்கும்; நாம் சம்மதம் கொடுத்தால் மட்டும், நாம் சொன்ன காலத்துக்கு, மற்ற டாக்டர் பார்க்க முடியும். சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம். பழைய காகிதங்களைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றிக்கொள்ளவும் வழியுண்டு. மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இது உபயோகமான ஏற்பாடு. ஆனால் எல்லாக் கிளினிக்கும் இதில் சேர்ந்துவிடவில்லை. பள்ளி டயரியும் வீட்டில் நாம் பார்த்ததும் தானாக வந்து இதில் சேரா.

ஊனமுற்றோருக்கான யு.டி.ஐ.டி. அட்டையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அந்த அட்டை நாடு முழுவதும் செல்லும். அது சலுகைக்கு அத்தாட்சி. குழந்தைக்கு நேற்று என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அது சொல்லாது.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரே ஒரு தாள் வைத்திருக்கிறோம். நோயின் பெயர், நடந்த அறுவை, மருந்தும் அளவும் நேரமும், கடைசியாக எடுத்த எடை, ஒவ்வாமை, கடைசிப் பரிசோதனைகளின் தேதி, ஒன்பது பேரின் தொலைபேசி எண்கள். இவற்றோடு, அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று இரண்டு வரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாள், மேலே தேதி. தேதியில்லாத காகிதத்தை ரயில்வேயில் நாங்கள் காகிதமாகவே மதித்ததில்லை! மருமகள் டெங்குவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் என் மனைவியும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டோம். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாள்தான் எங்களுக்கு வழி காட்டியது. தாய்க்கு மட்டும் தெரிந்த விஷயம் தாய் படுத்துவிட்டால் யாருக்கும் தெரியாததாகிவிடுகிறது.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் காட்டலாமா? கூடாது. வகுப்பாசிரியைக்குத் தேவையானது முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதும், மருந்து நேரமும், அவசர எண்ணும்தான். அறிவுத்திறன் மதிப்பெண் அவருக்கு எதற்கு? குரோமோசோம் ரிப்போர்ட்டில் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் வகை உண்டு. அப்படியொரு காகிதம் பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் போனால் சித்தி, அத்தை வீட்டுக் கல்யாணப் பேச்சு வரை போய் நிற்கும். அதை டாக்டர் பார்த்தால் போதும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. எந்தப் பள்ளியானாலும் பயிற்சி மையமானாலும், "எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள்?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

செலவுக்கு அஞ்சும் குடும்பங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான ஆரம்ப நிலைத் தலையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். குழந்தை டாக்டர், செவித்திறன் நிபுணர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் கோப்பும் ஒன்றாகவே இருக்கும். தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை தருகிறது. பயிற்சிச் செலவையும் கேட்கலாம். பில்லும் மருந்துச் சீட்டும் ஒழுங்காக இருந்தால்தான் பணம் வரும்.

18 வயது முடிந்தால் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் 9 ஆண்டுகள் இருக்கின்றன. கோப்பின் கடைசிப் பிரிவை அதற்கென்று இப்போதே ஒதுக்கி, பிறப்புச் சான்றிதழின் நகலை முதலில் வைத்துவிட்டேன்.